எங்க வீட்டிலயும் இருந்துச்சு

அன்புள்ள ஆசிரியருக்கு,

நண்பர்கள் பத்துப் பேர் சேர்ந்து, பழைய கட்டடம் ஒன்றில் எங்கள் ஊர் வரலாற்றுக்கென்று சிறிய அருங்காட்சியகம் தொடங்கியிருக்கிறோம். வீடு வீடாகப் போய்க் கேட்டு 200 பொருட்களுக்கு மேல் சேர்த்தோம். வால்வு ரேடியோ, தராசு, பள்ளிக்கூடத்துக் குழுப்படங்கள், கடிதக் கட்டுகள். ஒரு தையல் மெஷின் வந்தபோது அதன் கைச்சக்கரத்தில் பழந்துணி சுற்றிக் கிடந்தது. அதை அவிழ்த்தெடுத்து, துருவைப் போக்கி, புதிதுபோல ஆக்கி வைத்தோம். ஆனால் வருகிறவர்கள் ஐந்து நிமிடத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "இதெல்லாம் எங்க வீட்டிலயும் இருந்துச்சு" என்று சொல்லிக் கிளம்பிவிடுகிறார்கள். அரிய பொருள் ஒன்றாவது இருந்தால்தான் மதிப்பார்களா?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் சோர்வு புரிகிறது. ஆனால் "எங்க வீட்டிலயும் இருந்துச்சு" என்று ஒருவர் சொல்லும்போது அவர் பேசத் தொடங்குகிறார். நீங்கள் அதை விடைபெறும் சொல்லாகக் கேட்டுவிட்டீர்கள். அந்த இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, "உங்க வீட்டில யார் வச்சிருந்தாங்க?" என்று கேட்டுப் பாருங்கள்.

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்றொரு பகுதி. 1966 பிப்ரவரி 11 அன்று அதை வெள்ளையருக்கான பகுதி என்று அரசு அறிவித்தது. 60,000 பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டார்கள். வீடுகளை இடித்துத் தள்ளினார்கள். 1994இல் ஒரு பழைய தேவாலயத்தில் அருங்காட்சியகம் திறந்தபோது அங்கே வைக்கப் பொன்னும் இல்லை, மணியும் இல்லை. இடிபாட்டிலிருந்து தப்பிய தெருப் பெயர்ப் பலகைகளும், தரையில் விரித்த அந்தப் பகுதியின் பெரிய வரைபடமும்தான். அங்கே வாழ்ந்தவர்கள் வந்து குனிந்து, தங்கள் வீடு நின்ற இடத்தில் தங்கள் பெயரை எழுதினார்கள். பார்க்க வந்தவர்களின் கையெழுத்தே காட்சிப்பொருளாயிற்று. இதைப் பற்றி எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

வாஷிங்டனில் 1967இல் ஒரு பழைய திரையரங்கில் தொடங்கிய அனகோஸ்டியா அருங்காட்சியகமும் அப்படித்தான். சுற்றுவட்டாரத்து மக்களை அன்றாடம் வாட்டியது எலித்தொல்லை. எனவே 1969இல் எலியைப் பற்றியே கண்காட்சி வைத்தார்கள், உயிருள்ள எலிகளோடு. எலியில் என்ன அரிது? அந்த மக்களுக்கு அது வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

உங்கள் பொருட்களில் குறையில்லை. அவற்றோடு சேர்ந்து வந்திருக்க வேண்டிய பேச்சு வரவில்லை. 'தையல் மெஷின், நன்கொடை' என்று அட்டை எழுதினால் பார்ப்பவருக்கு என்ன கிடைக்கும்? அது தையல் மெஷின் என்பது அவருக்கே தெரியும். யார் மிதித்தது, யாருக்குத் தைத்தது, அந்த வருமானத்தில் எந்தப் பிள்ளை படித்தது என்பதல்லவா வேண்டும்.

ஒரு குழுப்படத்தைப் பற்றிச் சொல்கிறேன். தந்தவர் வீட்டில் அதைப் பார்த்தபோது, பின்புறம் பென்சிலில் வரிசையாகப் பெயர்கள் இருந்தன. அழகாக இருக்கட்டும் என்று யாரோ கெட்டி அட்டையில் பசை தடவி ஒட்டிச் சட்டம் போட்டுவிட்டார்கள். அடுத்த முறை பார்க்கையில் 23 முகங்கள் இருந்தன, ஒரு பெயர் இல்லை. மூன்றாவது வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு நின்ற சிறுவனை இன்றும் மறக்க முடியவில்லை. அவன் பெயரை நான் படித்திருக்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளவில்லை.

ஆகவே ஒரு பொருள் வாசலுக்கு வந்ததும் துடைக்காதீர்கள். முதலில் தந்தவரை உட்காரவைத்துப் பேச்சைப் பதிவு செய்யுங்கள். பிறகு அழுக்கோடு ஒரு படம். பிறகு எண்: 2025.14.3 என்றால் 2025இல் வந்த 14ஆவது நன்கொடையில் 3ஆவது பொருள். பதிவேட்டிலும் பொருளிலும் அதே எண் இருக்க வேண்டும். காகிதத்தில் மென்மையான பென்சிலால் எழுதுங்கள், பேனா வேண்டாம். லாமினேஷன் கூடவே கூடாது. கடிதம், துணி இவற்றின் மீது விழும் வெளிச்சம் 50 லக்ஸைத் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) தாண்டக் கூடாது என்பது அருங்காட்சியகங்களில் வழக்கம். வெளிச்சத்தால் வரும் சேதம் சேர்ந்துகொண்டே போகும். பிறகு இருட்டில் எடுத்து வைத்தாலும் போன நிறம் திரும்பி வராது. கடிதங்களுக்கு நகலெடுத்துக் காட்சியில் வையுங்கள், மூலம் பெட்டிக்குள் இருக்கட்டும்.

200 பொருளும் ஒரே நேரத்தில் வெளியே நிற்க வேண்டியதில்லை. பத்துப் பொருளை எடுத்து, பத்து வீட்டுக்கு மறுபடி போங்கள். முதலில் அந்தத் தையல் மெஷின் வந்த வீட்டுக்கு. சக்கரத்தில் துணி ஏன் சுற்றியிருந்தது என்று கேளுங்கள். கை வழுக்காமல் இருக்கவா, விரிசலை மறைக்கவா, வேறெதற்காவதா என்று அங்கே யாருக்காவது தெரிந்திருக்கும். அதற்கு முன்னால், அவிழ்த்த துணியை எங்கே போட்டீர்கள் என்று தேடுங்கள். கிடைத்தால் துவைக்காமல் எடுத்து வையுங்கள்.