ஜெயில் வேலை என்றால் கேவலமா?

கேள்வி: என் மகனுக்கு வெஸ்ட்வில் சிறையில் வார்டர் வேலை கிடைத்திருக்கிறது. 'ஜெயில்காரனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?' என்கிறார்கள் சொந்தக்காரர்கள். எனக்கோ அவன் உயிரை நினைத்துப் பயம். அனுப்பலாமா ஐயா?
– ஒரு தாய், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: தாராளமாக அனுப்புங்கள் அம்மா. இந்த வேலையைக் கேவலம் என்பவர்கள் வீட்டில் பெண் எடுக்காமல் இருப்பதே உங்களுக்கு நல்லது.

1913 சத்தியாகிரகத்தில் கைதான தில்லையாடி வள்ளியம்மை மாரிட்ஸ்பர்க் சிறையிலிருந்து காய்ச்சலோடு வெளியே வந்தாள். 1914 பிப்ரவரி 22 அன்று போய்ச் சேர்ந்தாள். வயது 16. அவள் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுகிற நாம், அந்தக் கதவின் சாவி யார் கையில் இருந்தது என்று யோசித்திருக்கிறோமா? உள்ளிருந்து 'முடியவில்லை' என்று ஒரு குரல் வந்தால், டாக்டரைக் கூப்பிடுவதா, நடிப்பு என்று நகர்ந்துவிடுவதா என்பது இன்றைக்கும் கதவருகே நிற்கிற ஆளின் கையில்தான் இருக்கிறது. அங்கே ஈரமுள்ள பிள்ளை ஒருவன் நிற்க வேண்டாமா?

நம் தென்னாப்பிரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சிறைச் சட்டம் கைதியைப் பத்திரமாக வைக்கச் சொல்கிறது, அவன் மானத்தையும் காக்கச் சொல்கிறது. இரவுச் சாப்பாட்டுக்கும் காலைச் சாப்பாட்டுக்கும் நடுவே 14 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்றுகூட அதில் இருக்கிறது. கட்டிடம் தாங்காத கூட்டத்தில், போதாத ஆட்களோடு அதை நடத்திக் காட்டுவது வார்டர்தான்.

உயிர்ப் பயம் பொய்யில்லை. 26, 27, 28 என்று எண்ணைப் பெயராக வைத்த கும்பல்கள் நம் நாட்டுச் சிறைகளுக்குள் நூறு வருடத்துக்கு மேலாக இருக்கின்றன. ஆனால் நான் அதிகம் பயப்படுவது கத்திக்கு அல்ல, முதல் சிகரெட்டுக்கு. இன்று கைதிக்காக வார்டர் கையால் ஒரு சிகரெட் உள்ளே போகும், அப்புறம் ஒரு செல்போன். அதற்கப்புறம் கைதி சொல்கிறபடி வார்டர் ஆட வேண்டியதுதான். நீதிபதி தபோ ஜாலி தலைமையில் 2001இல் அமைந்த சிறைத் துறை விசாரணைக் குழு இப்படி விலைபோனவர்களின் கதையைப் பக்கம் பக்கமாக எழுதி வைத்தது.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற வார்டர் ஒருவர் இருக்கிறார். பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து உள்ளே கறிக்குழம்பு நிரப்பியது) வாங்கி வந்தால், மேலே மூடியிருக்கும் ரொட்டித் துண்டை எடுத்து விரலால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் பேரனிடம் கொடுப்பார். அந்தக் கை இன்னும் சோதனை போடுவதை விடவில்லை. நல்ல நாள், பெரிய நாள் எல்லாம் டியூட்டியிலேயே போயிற்று என்பார். உள்ளே பார்த்ததை மனைவியிடம்கூடச் சொன்னதில்லையாம். அந்த மௌனம்தான் அவரை அதிகம் அரித்தது என்று நினைக்கிறேன். உங்கள் மகன் பேச வந்தால் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேளுங்கள்.

இன்னொன்று. இன்று முகம் சுளிக்கிற இதே சொந்தக்காரர்களில் ஒருவர் நாளைக்கு உங்கள் வாசலுக்கு வருவார். 'நம்ம பையன் உள்ளே இருக்கான் அக்கா, இந்தப் பார்சலை மட்டும் தம்பியிடம் கொடுத்து விடுங்கள்' என்பார். அது மகன் காதுக்கே போகாமல், வாசலிலேயே முடியாது என்று சொல்லி அனுப்ப வேண்டியது நீங்கள்.