பசுமைக் கட்சியும் பழுப்பு நிலக்கரியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜெர்மனியில் பசுமைக் கட்சி ஆட்சியில் பங்கேற்றிருந்தபோதுதான், 2023 ஜனவரியில் நிலக்கரிச் சுரங்கத்துக்காக லூட்சராத் கிராமத்திலிருந்து போராட்டக்காரர்கள் அகற்றப்பட்டார்கள். ஏப்ரலில் கடைசி மூன்று அணுமின் நிலையங்களும் மூடப்பட்டன. பருவநிலையைக் காக்கப் பிறந்த கட்சி செய்த துரோகம் அல்லவா இது?

ர.

அன்புள்ள ர.,

துரோகம் என்று நான் சொல்லமாட்டேன். அக்கட்சியின் பிறப்பே வேறு. 1975இல் வீல் என்ற ஊரில் அணுமின் நிலையம் வரவிருந்தபோது, குளிர்விப்புக் கோபுரங்களின் நீராவி மூடுபனியாகக் கவிந்து திராட்சைத் தோட்டங்களின் வெயிலை மறைத்துவிடும் என்று அஞ்சிய விவசாயிகள், மாணவர்களோடு சேர்ந்து கட்டுமான இடத்திலேயே குடியேறிப் போராடினார்கள். நிலையம் கட்டப்படவே இல்லை. அத்தகைய போராட்டங்களிலிருந்துதான் 1980இல் கட்சி உருவானது.

அணு எதிர்ப்பு அவ்வளவு ஆழமாக வேரோடியிருந்ததால்தான் வரிசை பிறழ்ந்தது என்று கருதுகிறேன். கரியமில வாயுவை மிகுதியாக உமிழும் பழுப்பு நிலக்கரியை முதலில் நிறுத்தி, நன்றாக இயங்கிக்கொண்டிருந்த உலைகளைக் கடைசியில் மூடியிருக்க வேண்டும். பின்லாந்தின் பசுமைக் கட்சி 2022இல் அணுசக்தியை ஏற்றுக்கொண்டது. ஆனால் ஜெர்மனியில் பழி பசுமைக் கட்சிக்கு மட்டும் உரியதல்ல. ஃபுகுஷிமா விபத்துக்குப் பின் 2011இல் அணுமின் நிலையங்களை மூடும் கெடுவை விதித்தது, பசுமைக் கட்சி இடம்பெறாத மெர்க்கல் அரசு.

அக்கட்சியின் பெரும் சாதனையையும் நாம் மறக்கக்கூடாது. சூரிய, காற்று மின்சாரத்துக்கு இருபது ஆண்டுகள் நிலையான விலையை உறுதிசெய்த 2000ஆம் ஆண்டுச் சட்டம், சமூக ஜனநாயகக் கட்சியுடன் அது அமைத்த கூட்டணி ஆட்சியில் வந்தது. கூரையில் தகடு பதிக்கும் விவசாயியும் அதைக் காட்டி வங்கியில் கடன் பெற முடிந்தது. அப்போது ஏறக்குறைய 6 விழுக்காடாக இருந்த புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தின் பங்கு 2023இல் பாதியைத் தாண்டியது.

லூட்சராத் விஷயத்தில் நான் உங்கள் பக்கம். ரஷ்ய எரிவாயு நின்றுபோன 2022இல் பசுமைக் கட்சியைச் சேர்ந்த பொருளாதார அமைச்சர் ஹாபெக், சுரங்கத்தை நடத்தும் ஆர்டபிள்யூஇ மின் நிறுவனத்துடன் செய்த உடன்பாட்டால், லூட்சராத் அமைந்த ரைன்லாந்துப் பகுதியில் நிலக்கரியைக் கைவிடும் ஆண்டு 2038இலிருந்து 2030க்கு முன்னேறியது, அருகிலிருந்த ஐந்து ஊர்கள் தப்பின; ஈடாக லூட்சராத்தின் அடியிலுள்ள நிலக்கரி தோண்டப்படும், மூடவேண்டிய இரு மின் அலகுகள் 2024 மார்ச் வரை ஓடும் என்றாயிற்று. வளிமண்டலத்தைச் சூடாக்குவது மொத்தமாக எரிக்கப்படும் நிலக்கரியின் அளவு. ஆண்டை முன்னுக்குக் கொண்டுவந்த அந்த உடன்பாடு, அதுவரை எவ்வளவு எரிக்கலாம் என்பதற்கும் கடுமையான வரம்பு விதித்திருக்க வேண்டும்.