ஆறாம் வகுப்பு இயற்கணிதம்: கணக்கு டீச்சரிடம் கேட்கலாம்

கோபியிலிருந்து ஒரு அம்மா: ஏனுங்க டீச்சர், அஞ்சாவது வரைக்கும் பையன் கணக்குல கெட்டி. இப்ப x-ஐப் பார்த்தா மிரள்றான். எங்க பிசகு?

எழுத்தை விடுங்கம்மா, முதலில் சமக்குறியைப் பாருங்கள். 8 + 4 = □ + 5 என்று எழுதிக் கொடுங்கள். பல பிள்ளைகள் 12 போடுவார்கள். சிலர் எல்லாவற்றையும் கூட்டி 17 என்பார்கள். சரியான விடை 7. '=' வந்தால் அடுத்தது விடை என்றே இத்தனை வருஷம் பழகிவிட்டார்கள். 1557-இல் ராபர்ட் ரெக்கார்டு என்ற கணித அறிஞர் இந்தக் குறியை அச்சில் கொண்டுவந்தபோது, இரண்டு இணைகோடுகளைவிடச் சமமானவை எதுவுமில்லை என்றுதான் காரணம் சொன்னார். இரண்டு பக்கமும் ஒரே மதிப்பு, அவ்வளவுதான். 7 = 3 + 4, 6 + 5 = 10 + 1, 13 = 13 என்று எழுதி, சரியா தப்பா, ஏன் என்று தினமும் கேளுங்கள். அது கைவந்தபின் பெட்டி இருந்த இடத்தில் x வைத்தால் பையன் மிரள மாட்டான்.

ஈரோடு, ட்யூஷன் எடுப்பவர்: 3m-ஐ மூன்று மாம்பழம் என்று சொல்லித்தரலாமா?

தயவுசெய்து வேண்டாம். மாம்பழத்தை வாழைப்பழத்தால் பெருக்கினால் என்ன என்று ஒரு பிள்ளை கேட்டால் பதில் இருக்காது. எழுத்து நிற்பது எண்ணுக்காக. உங்கள் ஊர் மஞ்சளையே எடுங்கள். ஒரு மூட்டை k கிலோ என்றால் 3k என்பது அப்படிப்பட்ட மூன்று மூட்டைகளின் எடை. k-க்கு 60 போடலாம், 65-உம் போடலாம்.

பல்லடம்: எந்த ஆப் நல்லதுங்க?

ஆப் பற்றி நான் சொல்ல முடியாது. பென்சிலும் தாளும் போதும்.

திருப்பூர், ஒரு அப்பா: அந்தப் பக்கம் போனா ப்ளஸ் மைனஸ் ஆகும்னுதான் நாங்க படிச்சோம். அதுல என்ன தப்பு?

காரணம் தெரிந்தபின் அது நல்ல குறுக்குவழி. தெரியாமல் பழகிய பிள்ளை 3x = 12-இல் அந்த 3-ஐயும் கழித்து x = 9 என்று எழுதும். இருபுறமும் ஒரே வேலையைச் செய்கிறோம் என்று தெரிந்தால், இருபுறமும் 3-ஆல் வகுத்து 4 என்று எழுதும்.

அவரே: பரீட்சையில அதுக்கெல்லாம் நேரம் ஏதுங்க?
பெருந்துறை: அவர் சொல்றது நிஜம். மார்க்குதான் வேணும்.

சரி, ஒரு பனியன் கம்பெனிக் கணக்கு. ஒரு இடத்தில் தினப்படி 50 ரூபாய், பீஸுக்கு 4 ரூபாய். கையில் வந்தது 450. எத்தனை பீஸ்? 50-ஐக் கழித்து 4-ஆல் வகுத்தால் 100. இதற்கு x தேவையே இல்லை, பிள்ளைகள் மனதிலேயே போட்டுவிடுவார்கள். இன்னொரு கம்பெனி தினப்படி 100, பீஸுக்கு 3 ரூபாய் தருகிறது. எத்தனை பீஸில் இரண்டு கூலியும் சமம்? பின்னோக்கிப் போக இங்கே முடிவுத்தொகை இல்லை. 4x + 50 = 3x + 100 என்று எழுதி, இருபுறமும் 3x-ஐயும் 50-ஐயும் எடுத்தால் x = 50. இரண்டிலும் 250 ரூபாய். x எதற்கு என்பது இந்த மாதிரிக் கணக்கில்தான் பிள்ளைக்குப் புரியும். புரிந்தபின் வேகம் வரும், மார்க்கும் வரும்.

காங்கேயம்: மகளுக்கு இயற்கணிதம் வரவில்லை. எங்கே தொடங்குவது?

கோபி அம்மாவுக்குச் சொன்னதை வாசியுங்கள்.

தாராபுரம்: எங்க பையனுக்கும் அதேதானுங்க.

அதே பதில். சமக்குறி.

பொள்ளாச்சி, ஆசிரியர்: தராசுப் படம் காட்டலாமா?

தொடக்கத்துக்கு நல்லது. x + 7 = 3 வரும்போது −4-ஐத் தட்டில் வைக்க முடியாது. அங்கே எண்கோட்டுக்கு மாறிவிடுங்கள். இன்னொன்றும் கவனியுங்கள்: 5 + 3 = 8 × 2 = 16 என்று பிள்ளைகள் ஒரே வரியில் ஓட்டுவார்கள். விடை சரி என்று டிக் போடாதீர்கள்; 5 + 3-உம் 16-உம் சமமில்லை. இரண்டு வரியாக எழுதச் சொல்லுங்கள்.