கார்பன் வரியும் கண்ணாடிக் குடில் நாற்றுகளும்

கேள்வி: கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் கார்பன் வரியால் நாற்றுப்பண்ணைகள் திணறியதாகப் படித்தேன். செடி வளர்ப்பவர்களுக்கு ஏன் அந்தச் சுமை? வசூலான பணம் எங்கே போனது?

பதில்: அம்மாகாணம் 2008 ஜூலை 1 முதல் எரிபொருள்களின் மீது இவ்வரியை விதித்தது. எரிக்கையில் வெளியாகும் ஒரு டன் கரியமில வாயுவுக்கு 10 டாலரில் தொடங்கிய வரி, 2012-இல் 30 டாலரை எட்டியது. அப்போது ஒரு ஜிகாஜூல் (வெப்ப ஆற்றலை அளக்கும் அலகு) இயற்கை எரிவாயுவுக்கு ஏறத்தாழ ஒன்றரை டாலர் வரி விழுந்தது. குளிர்காலத்தில் கண்ணாடிக் குடிலைச் சூடாக வைத்திருக்க எரிவாயுவையே நம்பியிருந்த பண்ணைகளுக்கு இது பெரிய தொகை.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. செடிகள் செழிக்கக் கரியமில வாயு தேவை என்பதால், பல குடில்களில் பகலில் கொதிகலனை எரித்து, அதன் புகையிலிருந்து கிடைக்கும் வாயுவைக் குழாய் வழியே செடிகளுக்கு விடுகிறார்கள். அப்போது சூடாகும் நீரைப் பெரிய தொட்டியில் சேமித்து, இரவில் குடிலைச் சூடேற்றப் பயன்படுத்துகிறார்கள். செடிக்கு உணவாகும் வாயுவுக்கும் வரியா என்று விவசாயிகள் கேட்டது இதனால்தான். ஆயினும் அவ்வாயுவில் பெரும்பகுதி காற்றுத் திறப்புகள் வழியே வெளியேறிவிடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். எல்லைக்கு அப்பாலிருந்து வரும் விளைபொருளுக்கு இவ்வரி கிடையாது என்ற அவர்களது வாதமே எனக்கு வலுவானதாகப் படுகிறது.

அரசும் அதை ஏற்றது. 2012-இல் ஒருமுறை நிவாரணம் தந்தது. 2013 வரவுசெலவுத் திட்டத்தில், காய்கறி, பூச்செடி, காட்டு மர நாற்று வளர்க்கும் வணிகக் குடில்களுக்கு எரிவாயு, புரோப்பேன் மீதான வரியில் 80 சதவீதத்தைத் திருப்பித் தரும் மானியத்தை நிலையாக்கியது. நிவாரணம் நியாயமே, ஆனால் எரித்த அளவைக் கணக்கிட்டு அதைத் தந்ததில் எனக்கு உடன்பாடில்லை. குடிலின் பரப்பளவுக்கோ விளைச்சலுக்கோ ஏற்பத் தந்திருந்தால், இரவில் வெப்பத்திரை விரித்து எரிவாயுவை மிச்சப்படுத்தியவருக்குக் கூடுதல் லாபம் கிடைத்திருக்கும்.

வசூல் முழுவதையும் வேறு வரிகளைக் குறைத்து மக்களுக்கே திருப்பித் தர வேண்டும் என்பது தொடக்ககாலச் சட்டம். தனிநபர், நிறுவன வருமான வரிகள் குறைக்கப்பட்டன. குறைந்த வருவாய்க் குடும்பங்களுக்குத் தனிச் சலுகைத் தொகை தரப்பட்டது. 2012-13 நிதியாண்டில் சுமார் 112 கோடி டாலர் வசூலாக, அதைவிட அதிகமாகவே வரிக் குறைப்பு அமைந்தது. பின்னர் வந்த அரசு இந்நிபந்தனையை நீக்கி, பசுமைத் திட்டங்களுக்கும் செலவிடத் தொடங்கியது. 2024-இல் 80 டாலராக உயர்ந்திருந்த வரி, நுகர்வோருக்கு 2025 ஏப்ரல் 1-இல் நீக்கப்பட்டது. ஏழைக் குடும்பங்களுக்கான அச்சலுகைத் தொகையும் அந்த ஏப்ரல் தவணையோடு நின்றுபோனது.