யூரோ நாடுகளின் பற்றாக்குறைக்கு ஏன் 3 விழுக்காடு வரம்பு?

யூரோவைப் பொது நாணயமாகக் கொண்ட ஒவ்வொரு நாடும் வரவு செலவுத் திட்டத்தைத் தானே வகுக்கும்போது, பற்றாக்குறை (அரசின் வரவை மிஞ்சும் செலவு) மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற விதி எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். வட்டி விகிதத்தை பிராங்க்பர்ட்டிலுள்ள ஐரோப்பிய மத்திய வங்கி எல்லோருக்கும் பொதுவாகத் தீர்மானிக்க, வரியும் செலவும் அந்தந்த நாடாளுமன்றத்தின் கையில் இருப்பதால், ஒரு நாடு அளவுமீறிக் கடன் வாங்கினால் அதன் சுமை நாணயத்தைப் பகிரும் மற்ற நாடுகள் மீதும் விழும் என்ற அச்சமே 1992இல் கையெழுத்தான, யூரோவுக்கு அடித்தளமிட்ட மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தில் வரம்பாக இடம்பெற்றது. ஆனால் 2003இல் ஜெர்மனியும் பிரான்சும் அதை மீறியபோது ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் நிதியமைச்சர்கள் அவற்றின் மீதான நடவடிக்கையை நிறுத்திவைத்தார்கள்; விதியின் மதிப்பு அன்றே சரிந்தது என்பது என் கணிப்பு. கிரீஸின் 2009ஆம் ஆண்டுப் பற்றாக்குறை, கணக்குகள் திருத்தப்பட்டபின், 15 விழுக்காட்டைத் தாண்டியது. சொந்த நாணயம் இருந்திருந்தால் அதன் மதிப்பைக் குறைத்து ஏற்றுமதியைப் பெருக்க முயன்றிருக்கலாம். அந்த வழி அடைபட்டிருந்ததால் ஓய்வூதியத்திலும் அரசு ஊழியர் சம்பளத்திலும் கைவைக்க நேர்ந்தது.