பூட்ஸ், வெயில், இருட்டு: ஆபீசர் ட்ரெய்னிங் போற பசங்களுக்கு சுபேதார் பதில்கள்

ஆர்மி ஆபீசர் ட்ரெய்னிங் போகப்போற பசங்களும் அவங்க வீட்டுக்காரங்களும் அனுப்புன கேள்விங்கள மட்டும் இந்த தடவ எடுத்திருக்கோம். பதில் சொல்றவர் ரிட்டயர்டு சுபேதார், கேடட்ங்களுக்கு உஸ்தாதா (ட்ரெய்னிங் குடுக்கறவரா) இருந்தவர், சொந்த ஊர் கணியம்பாடி பக்கம்.

சார், சிடிஎஸ் பரீட்சை எழுதி பெங்களூர்ல எஸ்எஸ்பி இன்டர்வியூ முடிச்சு மெடிக்கலும் கிளியர் ஆயிடுச்சு. சென்னை ஓடிஏல (ஆபீசர் ட்ரெய்னிங் அகாடமி) சேர இன்னும் கொஞ்ச மாசம் இருக்கு. தினம் காலைல கோட்டைய சுத்தி 5 கிலோமீட்டர் ஓடறேன், ஜிம்முக்கும் போறேன். ஃபீல்ட் ட்ரெய்னிங்குக்கு இது போதுமா? (காட்பாடி வாசகர்)

மொதல்ல வாழ்த்துக்கள் தம்பி. ஓட்டத்த விட்டுடாத, பிபிஇடினு உடம்பு தெம்ப பார்க்கற ஒரு டெஸ்ட் இருக்கு, 5 கிலோமீட்டர் ஓட்டம், 60 மீட்டர் ஸ்பிரிண்ட், கயிறு ஏறுறது, கயித்துல தொங்கிட்டே போறது, 9 அடி பள்ளம் தாண்டறது எல்லாம் அதுல வரும், அதுக்கு உன் ஓட்டம் உதவும். ஆனா ஃபீல்ட் கேம்ப்புக்கு அது மட்டும் போதாது. அங்க பசங்க உக்காந்துடறது மூச்சு வாங்கி இல்ல, கால் போயி தான். நல்லா ஓடற பையன், ஜிம் பாடி வச்சிருக்கற பையன், ராத்திரி ரூட் மார்ச்ல (பேக் சுமந்து ரொம்ப தூரம் நடக்கறது) குதிகால்ல கொப்புளம் ஒடஞ்சு ரத்தத்தோட நொண்டிக்கிட்டு வருவான், அவன் பின்னாடி ஒல்லியா ஒருத்தன் அலுங்காம நடந்து வருவான், இத நான் திரும்பத் திரும்ப பார்த்திருக்கேன்.

அதனால இப்பவே கால தயார் பண்ணு. கணுக்கால் மூடற மாதிரி ஒரு பூட்ஸ் வாங்கி வீட்டுக்குள்ள, கடைக்கு போறப்ப, மாடிப்படி ஏறறப்ப போட்டு பழகு. சாக்ஸ் ரெண்டு போடு, உள்ள மெல்லிசு, வெளிய தடிமன், அப்ப உரசல் சாக்ஸுக்குள்ளயே முடிஞ்சிடும் தோலுக்கு வராது. நகத்த நேரா வெட்டு, ஓரத்துல வளைச்சு வெட்டாத. எங்கயாவது சுள்ளுனு சூடா தெரிஞ்சா அது தான் கொப்புளம் வரப்போற இடம், அடுத்த ஹால்ட் வரைக்கும் பொறுத்துக்கலாம்னு நெனைக்காம ஒடனே டேப் ஒட்டிடு. ரூட் மார்ச்ல பொதுவா 50 நிமிஷம் நடை, 10 நிமிஷம் ஹால்ட். அந்த 10 நிமிஷத்துல பாதி பேர் அப்படியே மல்லாந்துடுவான், நீ சாக்ஸ மாத்து, பவுடர் போடு, தண்ணி குடி, அப்புறம் படு.

வெயிட்டுக்கு, ஒரு பழைய பேக்ல 5 கிலோ அரிசிய துண்டுல சுத்தி தோளுக்கு கிட்ட மேல இருக்கற மாதிரி வை, கீழ தொங்குனா இடுப்பு போயிடும். வாரத்துக்கு ஒன்னு ரெண்டு கிலோ ஏத்து, அதுக்கு மேல வேணாம். நட, வெயிட்டோட தார் ரோட்ல ஓடாத. ஓட்டேரி வழியா பாலமதி ஏறுற ரோடு இதுக்குனே போட்ட மாதிரி இருக்கும், ஆனா எறங்கறப்ப தான் முட்டி வாங்கும், அங்க அவசரப்படாத. கைல 4 கிலோவுக்கு மேல கனமுள்ள ரைஃபிள் வேற இருக்கும்ங்கறத ஞாபகம் வச்சுக்கோ.

என் பையன் அகாடமில இருக்கான், கேம்ப்னு சொல்லிட்டு போனவன் போனே பண்ணல, மனசு கெடந்து அடிச்சுக்குது. (கம்மவான்பேட்டை வாசகி)

அம்மா, உங்க ஊர்ல தெருவுக்கு தெரு பட்டாளத்துக்காரங்க இருக்காங்க, அவங்கள கேட்டாலும் இதையே தான் சொல்லுவாங்க, கேம்ப்ல போன் கெடையாது. ஏதாவது ஆயிருந்தா அகாடமிலேர்ந்தே வீட்டுக்கு தகவல் வந்துடும். அவன் பேசறப்ப "ரெலிகேட் ஆயிடுவியா"னு மட்டும் கேக்காதீங்க, ஒரு டெர்ம் பின்னாடி போயிடுவோமோங்கற பயம் அவனுக்குள்ள ஏற்கனவே இருக்கும். சாப்டியா, கால் எப்படி இருக்குனு கேளுங்க.

எனக்கு முழங்காலுக்கு கீழ முன்னெலும்புல வலி. ட்ரெய்னிங் போகறதுக்குள்ள சரியாகுமா? பொண்ணுங்களுக்கு கேம்ப் தனியா இருக்குமா? (ராணிப்பேட்டை வாசகி)

ஓடிஏல 1992லேர்ந்து பொண்ணுங்க ட்ரெய்னிங் எடுக்கறாங்க பாப்பா. டெஸ்ட்ல நேரம் வேற வேற இருக்கலாம், ஆனா ஃபீல்ட்ல மண்ணு, மழை, தூக்கமில்லாத ராத்திரி எல்லாம் எல்லாருக்கும் ஒன்னு தான்.

வலி விஷயத்துல தயவுசெஞ்சு வீராப்பு காட்டாத. ஓடறப்ப வந்து ஓய்வு எடுத்தா போற வலி வேற, ஒரு எடத்துல விரல வச்சு அழுத்துனா உயிர் போற மாதிரி இருக்கறது வேற. இதுல ரெண்டாவது சொன்ன வலி, எலும்புல மயிரிழை விரிசலா இருக்கலாம், வலி மாத்திரைய போட்டுட்டு ஓடுனா அது முழுசா ஒடையும். எலும்பு டாக்டர்கிட்ட காட்டு. ஹீமோகுளோபினும் விட்டமின் டியும் ஒரு தடவ செக் பண்ணிடு, பொண்ணுங்களுக்கு இந்த விரிசல் அதிகமா வருது, உடம்புல சத்து கொறஞ்சா இன்னும் சீக்கிரம் வரும். பீரியட்ஸுக்கு வேண்டியத தண்ணி புகாத கவர்ல போட்டு பேக்ல மேலயே வச்சுக்கோ, கேம்ப்ல கேட்டு வாங்கிக்கலாம்னு இருக்காத.

வேலூர் வெயில்ல வளர்ந்தவன் நான், மத்தியான வெயில்ல ஓடி பழகுனா நல்லதா அண்ணா? (குடியாத்தம் வாசகர்)

வேணாம்பா, இத படிச்ச ஒடனே நிறுத்து. நம்ம ஊர் வெயில் வறண்ட வெயில், வேர்வை ஒடனே காஞ்சிடும், ஒடம்பு ஆறும். ஓடிஏ இருக்கற சென்னை பரங்கிமலைல புழுக்கம், வேர்வை வழியும் ஆனா காயாது, அதனால சூடு ஒடம்புலயே நிக்கும். நம்ம பசங்க "எங்களுக்கு வெயில் புதுசா"னு சொல்லிட்டு தண்ணி குடிக்காம போயி அங்க தான் சாய்வாங்க. உடம்பு ஒரு எடத்து சூட்டுக்கு பழக ரெண்டு வாரம் ஆகும், சாயங்காலம் 5 மணிக்கு மேல மெதுவா ஆரம்பிச்சு நேரத்த கூட்டு. மூத்திரம் அடர் மஞ்சளா போனா தண்ணி பத்தலன்னு அர்த்தம். வெறும் தண்ணியே குடிச்சுக்கிட்டு இருக்கறதும் தப்பு, உப்பும் போகணும், ஓஆர்எஸ் வச்சுக்கோ.

இன்னொன்னு முக்கியம், உனக்கு இல்ல, உன் பக்கத்துல நடக்கறவனுக்கு. அவன் திடீர்னு சம்பந்தமில்லாம பேசுனா, எரிஞ்சு விழுந்தா, தள்ளாடுனா, வேர்வை வந்துக்கிட்டு இருந்தாலும் சரி, அது ஹீட் ஸ்ட்ரோக்கா இருக்கலாம். உஸ்தாத கூப்பிடு, நிழல்ல படுக்க வச்சு பேக், பெல்ட், சட்டைய கழட்டி இருக்கற தண்ணிய எல்லாம் ஒடம்பு மேல ஊத்து, விசிறு. மொதல்ல குளிர வைக்கறது, அப்புறம் தான் வண்டி. அந்த நேரத்துல தான் ஒரு உயிர் பொழைக்கும்.

மேப் ரீடிங்னா பயமா இருக்கு, ராத்திரில எப்படி வழி கண்டுபிடிப்பாங்க? (ஆம்பூர் வாசகர்)

பயப்படவேண்டியது மேப்ப இல்ல, உன் போன தான், நீல புள்ளிய பார்த்து போயி பழகுனவனுக்கு தெச தெரியறதில்ல. 1:50,000 மேப் சர்வே ஆஃப் இந்தியா வெப்சைட்லயே கெடைக்குது, உன் ஊர் ஷீட்ட எடு. அதுல 2 சென்டிமீட்டர் தரைல ஒரு கிலோமீட்டர். ஒரே உயரத்த காட்டுற கான்டூர் கோடுங்க நெருக்கமா இருந்தா செங்குத்து, தள்ளித் தள்ளி இருந்தா லேசான சரிவு. ஜவ்வாது மலைய மேப்ல பார்த்துட்டு பஸ்ல போறப்ப ஜன்னல்ல பாரு, எந்த கோடு எந்த முகடுனு கண்ணு தானா புடிக்கும்.

அப்புறம் 100 மீட்டருக்கு உனக்கு எத்தன அடினு எண்ணி வச்சுக்கோ, வெறும் கைல ஒரு தடவ, வெயிட்டோட ஒரு தடவ, இருட்டுல ஒரு தடவ. மூணும் வேற வேற வரும். ராத்திரி மார்ச்ல பேரிங் (போக வேண்டிய தெசையோட கோணம்) ஒருத்தன் புடிப்பான், அடி ஒருத்தன் எண்ணுவான், இந்த எண்ணிக்க தப்புனா மொத்த செக்ஷனும் (கூட வர்ற சின்ன குழு) வேற ஏரிக்கரைல போயி நிக்கும். காம்பஸ் பார்க்கறப்ப ரைஃபிள தள்ளி வை, இரும்பு பக்கத்துல இருந்தா முள் ஏமாத்தும். திரும்பி வர்ற பேரிங்குக்கு 180 டிகிரிக்கு கீழ இருந்தா 180 கூட்டு, மேல இருந்தா கழி. இருட்டுக்கு கண்ணு முழுசா பழக அர மணி நேரம் ஆகும், ஒரு டார்ச் அடிச்சா அவ்வளவும் போச்சு. எதையும் நேரா மொறச்சு பாக்காத, கொஞ்சம் ஓரமா பார்த்தா தான் உருவம் தெரியும். ராத்திரி ப்ராக்டிஸ்க்கு காட்டுக்குள்ள போயிடாத, ஃபாரஸ்ட்காரங்க புடிப்பாங்க, உங்க வயல் வரப்பே போதும், ஒரு ஆள் தொணைக்கு இருக்கட்டும்.

நான் தமிழ் மீடியம், ஹிந்தி சுத்தமா வராது. செக்ஷன் கமாண்டரா நிக்க வச்சா என்ன பண்றது? (திருப்பத்தூர் வாசகர்)

கிளாஸ் இங்கிலீஷ்ல, ட்ரில் கமாண்ட் ஹிந்தில, ஹிந்தி அங்கயே கத்துக்கொடுப்பாங்க. நீ கஷ்டப்படப்போறது பாஷைல இல்ல, மூணு நாளா தூங்காம, ஈரத்துணியோட, பசியோட நிக்கறப்ப ஆர்டர் கோர்வையா சொல்றதுல. அது ஒரு வரிசை: தரை எப்படி இருக்கு, எதிரி எங்க நம்மாளுங்க எங்க, நம்ம வேல என்ன, அத எப்படி செய்யப்போறோம், சாப்பாடு தண்ணி குண்டு, சிக்னல் என்ன. கேம்ப்ல மண்ணுல மாடல் போட்டு தான் சொல்லுவாங்க, நீயும் வீட்டு வாசல்ல மண்ண குவிச்சு மலை, கோலமாவ தூவி ரோடு, கல்லு வச்சு வீடுனு போட்டு, உன் தங்கச்சிய உக்கார வச்சு எளிய இங்கிலீஷ்ல சொல்லு. முடிச்ச ஒடனே அவள திருப்பி சொல்ல சொல்லு, எங்க தடுமாறுறாளோ அந்த எடத்த சுருக்கி மறுபடி சொல்லு.