வேபிரிட்ஜ் கம்ப்யூட்டரில் நீலத்திரை: ஃபார்மட் போடுவதற்கு முன்னால்

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் ரைஸ் மில் நடத்துகிறோம். எடைமேடை அறையில் இருக்கும் கம்ப்யூட்டர் பழைய விண்டோஸ் எக்ஸ்பி. ஐப்பசி மாத இடியில் அதன் நெட் போர்ட் போய்விட்டது. போன வாரம் மெக்கானிக் தனியாக ஒரு லேன் கார்டு போட்டு, சிடியிலிருந்து அதற்கான டிரைவர் மென்பொருளை ஏற்றினார். அன்றிலிருந்து டெஸ்க்டாப் வருகிற நேரத்தில் நீலத்திரை வந்து தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. கேபிளைக் கழற்றினால் ஒழுங்காக ஓடுகிறது. நீலத்திரையில் 'என்டிஐஎஸ் டாட் சிஸ்' என்று ஒரு பெயர் தெரிந்தது. விண்டோஸ் ஃபைல் கெட்டுவிட்டது, ஃபார்மட் போட வேண்டும் என்கிறார் மெக்கானிக். எடை சாஃப்ட்வேர் போட்டுக் கொடுத்தவர் இப்போது தொழிலில் இல்லை, சிடியும் இல்லை. பிசான அறுவடை தொடங்கிவிட்டது, லாரிகள் நிற்கின்றன. என்ன செய்வது?

பதில்: ஃபார்மட் போட விடாதீர்கள், அண்ணாச்சி. சிடி இல்லாத சாஃப்ட்வேர் உள்ள மெஷினை ஃபார்மட் போட்டால் எடைமேடையே நின்றுவிடும். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் விண்டோஸ் நன்றாகத்தான் இருக்கிறது. கேபிள் இல்லாமல் நாள் முழுக்க ஓடுகிறதே, அதுவே சாட்சி.

முதலில் லாரிகளைக் கவனிப்போம். எடைமேடையின் இண்டிகேட்டர் கம்ப்யூட்டரோடு பேசுவது சீரியல் போர்ட் வழியாக. அதற்கும் நெட்வொர்க்குக்கும் சம்பந்தமில்லை. எடை போடலாம், பக்கத்தில் இருக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் சீட்டும் அடிக்கலாம். ஆபீசுக்குக் கணக்கு போவதுதான் நிற்கும். அதைச் சாயங்காலம் பென் டிரைவில் எடுத்துப் போங்கள். ஆக, கேபிளைக் கழற்றி வைத்துவிட்டு இன்றைய லோடைப் பாருங்கள். மற்றதை லாரி வராத ராத்திரியில் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த ராத்திரியில் முதல் வேலை, எடை சாஃப்ட்வேர் இருக்கும் ஃபோல்டரை முழுதாகப் பென் டிரைவில் நகல் எடுப்பது. முடிந்தால் குளோன்ஜில்லா போன்ற இலவச மென்பொருளால் ஹார்ட் டிஸ்க் முழுவதையும் வேறொரு டிஸ்க்குக்கு அப்படியே பிரதி எடுத்து வையுங்கள். இத்தனை வயதான டிஸ்க்கில் கை வைப்பதற்கு முன் இதைச் செய்யாத மெக்கானிக்கை நான் மில்லுக்குள்ளேயே விடமாட்டேன்.

இனி அந்த நீலத்திரை. தானாக ரீஸ்டார்ட் ஆவதால் யாரும் அதை முழுதாகப் படித்திருக்கமாட்டீர்கள். ஆன் செய்ததும் எஃப்8 கீயை விட்டுவிட்டுத் தட்டினால் ஒரு மெனு வரும். அதில் 'டிசேபிள் ஆட்டோமேட்டிக் ரீஸ்டார்ட்' என்று தொடங்கும் வரியைத் தேர்ந்தெடுத்து, கேபிளைச் செருகி, விழட்டும் என்று விடுங்கள். திரை அப்படியே நிற்கும். போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். 'ஸ்டாப்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு நீண்ட எண் இருக்கும். உங்கள் கதைக்கு அது 'டி1' என்று முடியும் என்று நினைக்கிறேன். நெட்வொர்க் டிரைவர் கோளாறில் அடிக்கடி வருவது அதுதான்.

டி1 வருவது இப்படி. கேபிள் வழியே ஒரு பாக்கெட், அதாவது ஒரு தகவல் துண்டு, வந்து சேர்ந்ததும் கார்டு பிராசஸரைக் கூப்பிடும். டிரைவர் அந்த நேரத்தில் மிக அவசர நிலையில் ஓடும். அந்த நிலையில் இருக்கும்போது, டிஸ்க்கிலிருந்து எடுத்து வர வேண்டிய நினைவகப் பக்கத்தைத் தொடக் கூடாது, தப்பான முகவரியையும் தொடக் கூடாது. தொட்டுவிட்டால் விண்டோஸுக்கு வேறு வழியில்லை. மேற்கொண்டு எதுவும் பாழாகாமல் இருக்கத் தானே நின்றுகொள்ளும். கேபிள் இல்லாவிட்டால் பாக்கெட் இல்லை, பாக்கெட் இல்லாவிட்டால் அந்த அவசர வேலையும் இல்லை. டெஸ்க்டாப் வருகிற நேரத்தில் விழுவதும் இதனால்தான். ஐபி முகவரி கேட்பது, ஷேர் ஃபோல்டரைத் தேடுவது, ஆன்டிவைரஸ் விழித்துக்கொள்வது எல்லாம் அந்த நேரத்தில்தான் நடக்கும்.

என்டிஐஎஸ் என்பது மைக்ரோசாஃப்டின் ஃபைல். எந்த கம்பெனி லேன் கார்டின் டிரைவரானாலும், ஆன்டிவைரஸின் ஃபயர்வால் ஆனாலும், அதன் வழியாகத்தான் போய் வர வேண்டும். வேறொரு டிரைவர் தப்பான முகவரியைக் கொடுத்துவிட்டுப் போக, அதை வாங்கிப் பார்த்த இடத்தில் விழுந்தால், விழுந்த இடத்தின் பெயரைத்தான் திரை காட்டும். தாமிரபரணியில் பிணம் ஒதுங்கிய படித்துறைக்காரனைக் கொலைகாரன் என்று பிடிக்க முடியுமா? 'டிசிபிஐபி டாட் சிஸ்' என்று வந்தாலும் இதே கதைதான். ரியல்டெக், இன்டெல் என்று கார்டு கம்பெனியின் பெயரை ஞாபகப்படுத்தும் ஃபைலோ, ஆன்டிவைரஸின் ஃபைலோ வந்தால்தான் நேரடித் துப்பு. நிர்சாஃப்ட் வெளியிடும் 'புளூஸ்கிரீன்வியூ' என்ற சின்ன இலவச மென்பொருள் எக்ஸ்பியிலும் ஓடும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'மினிடம்ப்' என்ற இடத்தில் விழும் பதிவுகளைப் படித்து, அந்த நேரத்தில் வரிசையில் நின்ற மற்ற டிரைவர்களையும் காட்டும். இரண்டு மூன்று பதிவுகளில் மைக்ரோசாஃப்ட் அல்லாத ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்தால் ஆள் அகப்பட்டான்.

எஃப்8 மெனுவில் 'லாஸ்ட் நோன் குட்' என்றும் ஒன்று இருக்கும். பலர் அதைச் சொல்வார்கள். உங்களுக்கு அது உதவாது. ஒவ்வொரு முறை ஒழுங்காக லாகின் ஆகும்போதும் விண்டோஸ் அந்த நிலையைத்தான் 'நல்லது' என்று எழுதி வைத்துக்கொள்ளும். கேபிள் இல்லாமல் ஒரு வாரமாக லாகின் ஆகியிருக்கிறீர்கள். கெட்ட டிரைவரோடு சேர்த்தே அது பதிவாகியிருக்கும்.

கழற்றும் வேலையை மூன்று இடத்தில் செய்ய வேண்டும். விண்டோஸ் வருவதற்கு முன்பே திறக்கும் போர்டின் சொந்த செட்டப்பான பயாஸில் போய், ஆன்போர்டு லேனை, அதாவது இடியில் போன பழைய நெட் போர்ட்டை, டிசேபிள் செய்யுங்கள். இடி வாங்கிய சிப் முழுதாகச் சாகாமல் அரை உயிரில் கிடந்தால், விண்டோஸ் அதைச் சில நாள் கண்டுகொள்ளும், சில நாள் காணாது. அதன் டிரைவர் குப்பையைப் படித்துத் தடுமாறும். பயாஸில் வேறு எதையும் தொடாதீர்கள். குறிப்பாக, ஹார்ட் டிஸ்க் ஐடிஇ முறையில் இருப்பதை ஏஹெச்சிஐ என்று மாற்றிவிட்டால் '7பி' என்று முடியும் வேறொரு நீலத்திரை வந்து, எக்ஸ்பி ஆரம்பிக்கவே ஆரம்பிக்காது. இதில் ஒரு பக்கக் கிளையும் உண்டு. மெஷினை ஆன் செய்யும்போதெல்லாம் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடுகிறதா? அப்படியானால் போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரி, சிஆர்2032, தீர்ந்துவிட்டது. கரண்ட் போய் வரும்போதெல்லாம் பயாஸ் பழைய நிலைக்குத் திரும்பி, நீங்கள் மூடிய ஆன்போர்டு லேனைத் திரும்பத் திறந்துவிடும். எடைச் சீட்டில் தேதி தப்பாக விழுவது அதைவிடப் பெரிய தலைவலி. பேட்டரியை மாற்றிவிட்டே ஆரம்பியுங்கள்.

அடுத்தது டிவைஸ் மேனேஜர். புது கார்டை அங்கே அன்இன்ஸ்டால் செய்யுங்கள். பழைய போர்ட்டின் டிரைவர் கண்ணில் படாமல் உள்ளேயே கிடக்கும். 'ஷோ ஹிடன் டிவைசஸ்' மட்டும் அழுத்தினால் எக்ஸ்பியில் அது தெரியாது. கமாண்ட் திரையில் 'செட் டெவ்எம்ஜிஆர்_ஷோ_நான்பிரசன்ட்_டிவைசஸ்=1' என்று ஆங்கில எழுத்தில் தட்டி, அதே திரையிலிருந்து 'டெவ்எம்ஜிஎம்டி டாட் எம்எஸ்சி'யைத் திறந்து, பிறகு ஹிடன் டிவைசஸைக் காட்டச் சொன்னால் மங்கலான நிறத்தில் பழையவை வரும். நெட்வொர்க் அடாப்டர் தலைப்பின் கீழ் மங்கலாகக் கிடக்கும் லேன் கார்டுகளை நீக்கலாம். 'வான் மினிபோர்ட்' என்று தொடங்குபவை விண்டோஸின் சொந்தச் சாமான், அவற்றை விட்டுவிடுங்கள்.

மூன்றாவது ஆன்டிவைரஸ். என் சந்தேகத்தில் பாதி இதன் மேல்தான். வருடக் கணக்காக அப்டேட் ஆகாத ஆன்டிவைரஸ், காலாவதி ஆன பிறகும் நெட்வொர்க் பாதையில் தன் ஃபில்டரை உட்கார வைத்திருக்கும். லேன் கனெக்‌ஷனின் பிராப்பர்ட்டீஸைத் திறந்தால் ஒரு பட்டியல் வரும். அதில் ஆன்டிவைரஸ் பெயரில் ஏதாவது இருந்தால் அதுதான். சேஃப் மோடில் போய் அன்இன்ஸ்டால் செய்யப் பார்க்காதீர்கள், விண்டோஸ் இன்ஸ்டாலர் அங்கே ஓடாது என்பதால் பல ஆன்டிவைரஸ்கள் பாதியில் நின்று இன்னும் குழப்பிவிடும். உங்களுக்குத்தான் கேபிளைக் கழற்றினால் மெஷின் சாதாரணமாகவே வருகிறதே, அப்படியே வந்து நீக்குங்கள்.

இப்போது கார்டின் டிரைவர். மெக்கானிக் போட்ட சிடி எதற்கானது என்று பாருங்கள். விண்டோஸ் 7-க்கு எழுதிய டிரைவர் பெரும்பாலும் எக்ஸ்பியில் ஏறவே ஏறாது. மஞ்சள் ஆச்சரியக்குறியோடு நின்றுவிடும். நீலத்திரை தருவது ஏறி ஓடுகிற டிரைவர்: எக்ஸ்பிக்கானது, ஆனால் பழைய பதிப்பு, அல்லது பக்கத்துச் சிப்புக்கானது. டிவைஸ் மேனேஜரில் கார்டின் பிராப்பர்ட்டீஸுக்குள் 'டீடெய்ல்ஸ்' பகுதியில் ஹார்டுவேர் ஐடி இருக்கும். 'வென்' என்பதற்குப் பின்னால் 10இசி என்றிருந்தால் ரியல்டெக், 8086 என்றிருந்தால் இன்டெல். 'டெவ்' என்பதற்குப் பின்னால் வருவது சிப்பின் எண். ரியல்டெக் 8139 என்றால் சிடியே வேண்டாம், எக்ஸ்பிக்குள்ளேயே அதன் டிரைவர் இருக்கிறது. கார்டைச் செருகினால் போதும். 8168 என்றால் ரியல்டெக்கின் எக்ஸ்பி டிரைவரை வேறு கம்ப்யூட்டரில் இறக்கிப் பென் டிரைவில் கொண்டு வாருங்கள். 'எல்லா டிரைவரையும் தானே அப்டேட் செய்கிறேன்' என்று சொல்லும் மென்பொருள் எதையும் உள்ளே விடாதீர்கள்.

என்னைக் கேட்டால் 8139 சிப் உள்ள பழைய பிசிஐ கார்டு ஒன்றைத் தேடிப் போடச் சொல்வேன். திருநெல்வேலியில் வண்ணார்பேட்டை, ஜங்ஷன் பக்கம் பழைய கம்ப்யூட்டர் சாமான் வைத்திருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். வேகம் 100 எம்பிபிஎஸ்தான். எடைச் சீட்டுக்கு அதற்கு மேல் எதற்கு?

கேபிளைத் திரும்பச் செருகும்போது நேராக ஆபீஸ் நெட்வொர்க்கில் செருகாதீர்கள். முதலில் வேறு எதுவும் மாட்டாத ஒரு காலி நெட்வொர்க் சுவிட்சில் செருகுங்கள். லைட் எரியும், பாக்கெட் எதுவும் வராது. அதிலேயே விழுந்தால் கார்டையோ டிரைவரையோ மாற்ற வேண்டியதுதான். அதில் விழாமல் ஓடி, ஆபீஸ் நெட்வொர்க்கில் மட்டும் விழுந்தால், அங்கிருந்து வரும் ஏதோ ஒன்று தள்ளிவிடுகிறது. டிரைவரின் அட்வான்ஸ்டு பகுதியில் 'ஆஃப்லோடு' என்று முடியும் வசதிகளை அணைத்துப் பாருங்கள். அதோடு நீலத்திரையில் 'எஸ்ஆர்வி டாட் சிஸ்' என்ற பெயர் வந்தால் ஆபீஸ் கம்ப்யூட்டர்களை உடனே சோதியுங்கள். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாகிரை வைரஸ் 2017 மே மாதம் பரவியபோது பல எக்ஸ்பி மெஷின்கள் அந்தத் தாக்குதலில் பூட்டப்படாமல் நீலத்திரையோடு விழுந்தன. ஃபைல் ஷேரிங்கைக் கவனிக்கும் அந்த டிரைவரின் ஓட்டை வழியாகத்தான் அது நுழைந்தது. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு முடிந்திருந்தும் அதற்காக மைக்ரோசாஃப்ட் தனியாக ஒரு பேட்ச் விட்டது. அதைப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். பேட்ச் போட்டாலும் இந்த மெஷினுக்கு இன்டர்நெட் கூடாது; ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்றோடு மட்டும் பேசட்டும்.

இத்தனைக்கும் பிறகு, கேபிள் இல்லாமலே எப்போதாவது நீலத்திரை வந்தால் கதை வேறு. ராமை மெம்டெஸ்ட்86+ கொண்டு சோதியுங்கள். போர்டில் பிராசஸரைச் சுற்றி இருக்கும் கெபாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இடி வாங்கிய போர்டில் இரண்டும் சாத்தியம்.

இடி என்றதும் ஒன்று. எடைமேடை அறையிலிருந்து ஆபீசுக்குக் கேபிள் வெளியில் தொங்கிக்கொண்டு போகிறதென்றால் அடுத்த ஐப்பசியில் இந்தக் கார்டும் போகும். இரண்டு கட்டடத்தின் எர்த்தும் வேறு வேறு. நடுவில் செம்புக் கம்பி இருக்கும்வரை இடி அதைத்தான் தேடும். அந்த ஓட்டத்தை மட்டும் ஃபைபராக மாற்றி, இரு முனையிலும் ஃபைபரைச் சாதாரண லேன் கேபிளோடு இணைக்கும் ஒரு மீடியா கன்வெர்ட்டர் வைத்தால் அந்த வழியாகக் கரண்ட் வர இடமே இல்லை. ஒவ்வொரு மழைக்கும் போர்டு மாற்றும் செலவைவிட இது மேல்.

அறுவடை ஓய்ந்ததும், எடுத்து வைத்த டிஸ்க் பிரதியை வைத்து, புது கம்ப்யூட்டர் ஒன்றில், கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸுக்குள் இந்த எக்ஸ்பியை ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். புது மெஷினின் சீரியல் போர்ட்டை உள்ளே இருக்கும் எக்ஸ்பிக்குக் காட்டிவிட முடியும். சாஃப்ட்வேரின் பூட்டு பிரிண்டர் போர்ட்டில் செருகும் டாங்கிளாக இருந்தால் மட்டும் சிக்கல் வரலாம்; அதனால் புது மெஷின் வாங்குவதற்கு முன்பே பின்பக்கம் எட்டிப் பார்த்து அது இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.